டிரைவரில் ஹார்டுவேருக்காகக் காத்திருப்பது: எப்போது சுழல்வது, எப்போது உறங்குவது

ஹார்டுவேரை இயக்கும் மென்பொருளான டிரைவர், சாதனத்தின் ரெஜிஸ்டரில் (கட்டளையும் நிலையும் இருக்கும் சிறு நினைவிடம்) கட்டளையை எழுதிவிட்டது. வேலை முடிந்ததைச் சொல்லும் பிட் எழும்வரை டிரைவர் காத்திருக்க வேண்டும். சிபியுவை விடாமல் பிடித்துக்கொண்டு அந்தப் பிட்டையே திரும்பத் திரும்பப் படிக்கலாம். இந்த வழிகாட்டியில் அதற்குப் பெயர் சுழல்வது. சிபியுவை ஷெட்யூலரிடம் (எந்த வேலை எப்போது ஓடுவது என்று தீர்மானிக்கும் கெர்னல் பகுதி) விட்டுவிட்டு இடையிடையே எழுந்தும் பார்க்கலாம். அது உறங்குவது.

டிரைவர் எழுதப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?" என்பதைத்தான். அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. அதை முன்னால் வைப்பதால்தான் சோதனை மேசையில் ஒழுங்காக ஓடிய டிரைவர், சுமை ஏறியதும் கணினியையே நிறுத்திவிடுகிறது. கீழே உள்ள வரிசை லினக்ஸ் கெர்னல் டிரைவர்களுக்கானது. வேறு இயங்குதளங்களில் ஃபங்ஷன் பெயர்கள் மாறும், வரிசை மாறாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை:

- சாதனத்தின் டேட்டாஷீட். அதில் ஒவ்வொரு செயலுக்கும் வழக்கமான நேரம், உச்ச நேரம் இரண்டும் வேண்டும்.
- உங்கள் ஃபங்ஷனை அழைக்கும் எல்லா வழிகளின் பட்டியல்.
- அந்த ரெஜிஸ்டரை ஒருமுறை படிக்க ஆகும் நேரம்.
- இலக்குக் கெர்னலின் எச்.இசட். மதிப்பு, அதாவது விநாடிக்கு எத்தனை டைமர் துடிப்பு: 100, 250, 300, 1000 இவற்றில் எது என்று.

1. இன்டரப்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

வேலை முடிந்ததும் சாதனமே இன்டரப்ட் (சிபியுவை இடைமறிக்கும் சைகை) அனுப்புமானால், காத்திருப்பு பத்து மில்லி விநாடியைத் தொடும் எல்லா இடங்களிலும் அதையே பயன்படுத்துங்கள். டிரைவர் ஒரு கம்ப்ளீஷனில் (வேலை முடிந்ததைக் குறிக்கும் கெர்னல் அமைப்பு) உறங்கட்டும், இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷனான இன்டரப்ட் ஹேண்ட்லர் அதை எழுப்பட்டும். இடையில் எழுந்து பார்க்கும் செலவே இல்லை.

இதில் வரிசை முக்கியம். கம்ப்ளீஷனைப் பழைய நிலையிலிருந்து அழித்துத் தயாராக்கும் ரீஇனிட்_கம்ப்ளீஷனை அழைத்த பிறகுதான் ஹார்டுவேருக்குக் கட்டளை கொடுக்க வேண்டும். கட்டளையை முதலில் எழுதினால், இன்டரப்ட் உடனே வந்து கம்ப்ளீஷனை முடித்துவிடலாம். அடுத்த வரியில் நீங்கள் அதை அழித்துவிடுவீர்கள். பிறகு டைம்அவுட் வரை உறக்கம்தான்.

வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன்_டைம்அவுட் நேரம் தீர்ந்தால் 0 தரும், வெற்றி என்றால் மீதமுள்ள நேரத்தை ஜிஃபிகளில் (டைமர் துடிப்புகளில்) தரும். கெர்னலின் பல ஃபங்ஷன்களில் 0 என்றால் வெற்றி, எதிர்மறை என்றால் பிழை. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் 0-க்குக் கீழே இருக்கிறதா என்று சோதிப்பவர்கள் நிறைய. அந்தச் சோதனை ஒருபோதும் உண்மையாகாது. டைம்அவுட் ஆனது யாருக்கும் தெரியாமலே போகும்.

சில மைக்ரோ விநாடிகளில் முடியும் வேலைக்கு இன்டரப்ட் வைப்பதில் பயனில்லை. இன்டரப்ட் வந்து, ஹேண்ட்லர் ஓடி, த்ரெட் எழுவதற்குள் வேலை எப்போதோ முடிந்திருக்கும். அத்தகைய இடங்களுக்கும், இன்டரப்ட் கம்பியே இணைக்கப்படாத சாதனங்களுக்கும்தான் மீதிப் படிகள்.

2. எந்தச் சூழலில் ஓடுகிறோம் என்று உறுதி செய்யுங்கள்

உறங்க அனுமதி இல்லாத இடத்தில் மற்ற எல்லாக் கணக்கும் வீண். ஆகவே நேரத்தைப் பார்ப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். கீழ்க்கண்ட எந்த இடத்திலும் உறங்கக் கூடாது:

- இன்டரப்ட் ஹேண்ட்லரின் மேல் பாதி (இன்டரப்ட் வந்ததும் உடனே ஓடும் பகுதி)
- டாஸ்க்லெட், சாஃப்ட்ஐஆர்க்யூ (இன்டரப்டுக்குப் பின் தள்ளிவைத்து ஓட்டும் வேலைகள்), டைமர் கால்பேக்
- ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சுழன்று காத்திருக்கும் லாக்) பிடித்திருக்கும்போது
- இன்டரப்டுகளையோ ப்ரீஎம்ப்ஷனையோ (ஓடும் வேலையை ஷெட்யூலர் இடைநிறுத்துவது) அணைத்திருக்கும்போது
- ஆர்சியு (லாக் இல்லாமல் தரவைப் படிக்கும் முறை) படிப்புப் பகுதிக்குள்

மியூடெக்ஸ் (காத்திருப்பவர் உறங்கும் லாக்) பிடித்திருக்கும்போதும், வொர்க்கியூவிலும், த்ரெடட் இன்டரப்டின் த்ரெட் பகுதியிலும், சாதனம் கண்டறியப்பட்டதும் ஓடும் ப்ரோப் ஃபங்ஷனிலும் தாராளமாக உறங்கலாம்.

தவறு பெரும்பாலும் நேரடி அழைப்பில் வருவதில்லை. நீங்கள் எழுதிய ரீசெட் ஃபங்ஷன் ப்ரோப்பிலிருந்து அழைக்கப்படும்வரை சிக்கல் இல்லை. ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதையே பிழை மீட்புப் பாதையில், ஸ்பின்லாக்குக்குள்ளிருந்து அழைப்பார். அதனால் உறங்கக்கூடிய ஒவ்வொரு ஃபங்ஷனின் முதல் வரியிலும் மைட்_ஸ்லீப் போடுங்கள். ஹார்டுவேர் வேகமாகப் பதில் தரும்போது உறங்கும் கிளைக்கே போகாமல் ஃபங்ஷன் திரும்பிவிடும், பிழை மறைந்தே இருக்கும். முதல் வரியில் மைட்_ஸ்லீப் இருந்தால், உறங்கக் கூடாத இடத்திலிருந்து அழைத்ததுமே, உறங்கினாலும் உறங்காவிட்டாலும், சோதனைக் கெர்னலில் (8-ஆம் படி) எச்சரிக்கை வரும்.

இது உறங்கக் கூடாத (அட்டாமிக்) சூழலா என்று சொல்லும் இன்_அட்டாமிக்கை அழைத்துப் பார்த்து, ஓடும்போதே சுழல்வதா உறங்குவதா என்று முடிவெடுக்கும் குறுக்குவழி பலருக்கும் தோன்றும். அது வேண்டாம். ப்ரீஎம்ப்ட் எண்ணிக்கை வைத்திராத கெர்னல் அமைப்புகளில், ஸ்பின்லாக் பிடித்திருப்பது அந்தச் சோதனைக்குத் தெரியாது. உறங்கலாம் என்று பதில் வரும், உறங்கினால் டெட்லாக் (என்றும் விடுபடாத காத்திருப்பு). உறங்கும் ஃபங்ஷன் ஒன்று, உறங்காத ஃபங்ஷன் ஒன்று என்று பெயரிலேயே பிரித்து எழுதுங்கள்.

ரியல்டைம் கெர்னலில் சாதாரண ஸ்பின்லாக்கே உறங்கக்கூடிய லாக் ஆகிவிடும். அதை நம்பி அங்கே உறங்க வேண்டாம். அதே டிரைவர் சாதாரணக் கெர்னலிலும் ஓட வேண்டும். அங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று: ரியல்டைமில் இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் பெரும்பாலும் த்ரெட்களாகவே ஓடும். அப்படிப்பட்ட ஹேண்ட்லர் மாற்றப்போகும் ஒரு நினைவக மாறியைப் பார்த்தபடி, அதே சிபியுவில் அதைவிட உயர்ந்த முன்னுரிமை கொண்ட த்ரெட் சுழன்றால், ஹேண்ட்லருக்கு ஓட வாய்ப்பே வராது. சுழல்வது ஹார்டுவேர் ரெஜிஸ்டருக்காக மட்டும் இருக்கட்டும், இன்னொரு த்ரெட்டுக்காக வேண்டாம்.

3. டேட்டாஷீட்டிலிருந்து இரண்டு எண்களை எடுங்கள்

வழக்கமான நேரம், உச்ச நேரம். இரண்டுக்கும் வேலை வேறு. எத்தனை இடைவெளியில் எட்டிப் பார்ப்பது என்பதை வழக்கமான நேரம் சொல்லும். எப்போது கைவிடுவது என்பதை உச்ச நேரம் சொல்லும். ஒரே எண்ணை இரண்டுக்கும் பயன்படுத்துவதுதான் இந்தப் படியில் நடக்கும் பெரிய தவறு.

இரண்டும் எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதற்கு எஸ்பிஐ நார் ஃபிளாஷ் (தரவு சேமிக்கும் சிப்) நல்ல எடுத்துக்காட்டு. 4 கிலோபைட் செக்டரை அழிக்க வழக்கமாகச் சில பத்து மில்லி விநாடிகள் ஆகும். உச்சமாகச் சில நூறு மில்லி விநாடிகள் என்று பல சிப்களின் டேட்டாஷீட்டில் இருக்கும். வழக்கமான நேரத்தை டைம்அவுட்டாக வைத்தால் புதிய சிப்பில் எல்லாம் சரியாக ஓடும். பலமுறை அழித்து எழுதிய சிப்பில் அழிக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். களத்தில் போட்ட பிறகுதான் பிழை தலைகாட்டும்.

நேரம் கொடுக்கப்படாத இடங்களில் பஸ் வேகத்திலிருந்து கணக்கிடுங்கள். எம்டிஐஓ பஸ்ஸில் (ஈதர்நெட் சிப்களைக் கட்டுப்படுத்தும் பஸ்) ஒரு பரிமாற்றம் முன்னுரையோடு சேர்த்து 64 பிட். 2.5 மெகாஹெர்ட்ஸில் அதற்கு 25.6 மைக்ரோ விநாடி. விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் ஓடும் யுஏஆர்டியில் (சீரியல் இணைப்புச் சாதனம்) தொடக்கப் பிட், முடிவுப் பிட் சேர்த்து ஒரு பைட் 10 பிட், அதாவது ஏறத்தாழ 87 மைக்ரோ விநாடி. இந்தக் கணக்கிலிருந்து வரும் எண் குறைந்தபட்ச நேரம்தான். டைம்அவுட்டுக்கு அதன் பல மடங்கு வையுங்கள்.

4. ஒருமுறை படிக்க ஆகும் செலவைக் கணக்கிடுங்கள்

ரெஜிஸ்டர் படிப்பு இலவசம் அல்ல. சிப்புக்குள்ளேயே இருக்கும் சாதனத்தில் அது நூறு நானோ விநாடி அளவில் முடியலாம். பிசிஐ எக்ஸ்பிரஸில் படிப்புக் கோரிக்கை சாதனம்வரை போய்ப் பதிலோடு திரும்ப வேண்டும். அதற்கு ஒரு மைக்ரோ விநாடியை ஒட்டி ஆகலாம், அவ்வளவு நேரமும் சிபியு அங்கேயே நிற்கும். அங்கே 1 மைக்ரோ விநாடி இடைவெளி விட்டுச் சுழல்வதாக நீங்கள் எழுதினாலும், உண்மையில் ஒவ்வொரு சுற்றும் அதன் இருமடங்கு எடுக்கும்.

ஐ2சி பஸ் இன்னும் மெதுவானது. 100 கிலோஹெர்ட்ஸில் ஒரு ரெஜிஸ்டரைப் படிக்க முகவரி, ரெஜிஸ்டர் எண், மறுபடி முகவரி, தரவு என நான்கு பைட், ஒவ்வொன்றுக்கும் 9 பிட். மொத்தம் 360 மைக்ரோ விநாடிக்கு மேல். ஐ2சி பரிமாற்றமே உறங்கும் செயல் என்பதால், அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் சாதனத்தை ஸ்பின்லாக்குக்குள்ளிருந்து திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்க வழியில்லை. சூழலைப் பற்றிய கேள்விக்கு அங்கே பஸ்ஸே பதில் சொல்லிவிடுகிறது.

படித்தாலே அழியும் நிலை ரெஜிஸ்டர்களும் உண்டு. அவற்றில் ஒரு பிட்டுக்காகச் சுழலும்போது, பக்கத்துப் பிட்டில் வந்த பிழைச் செய்தியை நீங்களே துடைத்துவிடுவீர்கள். டேட்டாஷீட்டில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

5. இப்போது தேர்ந்தெடுங்கள்

உறங்க அனுமதி உள்ள சூழலில், எட்டிப் பார்க்கும் இடைவெளியைப் பொறுத்து:

- 10 மைக்ரோ விநாடிக்குள்: யூடிலே வைத்துச் சுழலுங்கள்.
- 10 மைக்ரோ விநாடி முதல் 20 மில்லி விநாடி வரை: யூஸ்லீப்_ரேஞ்ச்.
- அதற்கு மேல்: எம்ஸ்லீப்.

முதல் எல்லைக்குக் காரணம் உறக்கத்தின் சொந்தச் செலவு. டைமர் வைத்து, வேறு வேலைக்கு மாறி, டைமர் இன்டரப்ட் வந்து, மறுபடி உங்கள் த்ரெட்டுக்குத் திரும்பச் சில மைக்ரோ விநாடிகள் ஆகும். சிபியு ஆழ்ந்த ஓய்வு நிலைக்குப் போய்விட்டால் எழுவதற்கே பத்துக்கணக்கில், சில நேரம் நூற்றுக்கணக்கில் மைக்ரோ விநாடிகள் ஆகலாம். 3 மைக்ரோ விநாடி வேலைக்காக உறங்குவது நட்டம்.

இரண்டாவது எல்லை எம்ஸ்லீப் ஜிஃபிகளில் கணக்கிடுவதால் வருகிறது. எச்.இசட். 100 என்றால் ஒரு ஜிஃபி 10 மில்லி விநாடி. அங்கே எம்ஸ்லீப்புக்கு 1 கொடுத்தால் 20 மில்லி விநாடி வரை உறங்கலாம். எச்.இசட். 1000 உள்ள மேசைக்கணினியில் சோதித்த டிரைவர், எச்.இசட். 100 உள்ள பலகையில் ஆமை வேகத்தில் ஓடுவதற்கு இதுவே காரணம். ஆயிரம் முறை அழைக்கப்படும் பாதையில் இருந்தால் ஒரு விநாடி வேலை இருபது விநாடியாகும்.

யூஸ்லீப்_ரேஞ்சுக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் ஒரே எண்ணாகக் கொடுக்காதீர்கள். இடைவெளி இருந்தால்தான் கெர்னல் உங்கள் விழிப்பைப் பக்கத்து டைமரோடு சேர்த்து ஒரே இன்டரப்டில் முடிக்கும். எதைத் தேர்வது என்று குழம்பினால் எஃப்ஸ்லீப்பிடம் மைக்ரோ விநாடியைக் கொடுத்துவிடுங்கள். மூன்றில் பொருத்தமானதை அதுவே எடுத்துக்கொள்ளும்.

உறங்க அனுமதி இல்லாத சூழலில் தேர்வு ஒன்றுதான்: சுழல்வது. அங்கே கேட்க வேண்டியது, உச்ச நேரம் தாங்கக்கூடியதா என்பது. இன்டரப்ட் அணைத்த நிலையில் நீங்கள் சுழலும் அவ்வளவு நேரமும் அந்தச் சிபியுவில் வேறெதுவும் நடக்காது. 16 பைட் ஃபைஃபோ (வந்த பைட்டுகள் காத்திருக்கும் இடம்) கொண்ட யுஏஆர்டி, 115200 வேகத்தில் 1.4 மில்லி விநாடிக்குள் நிரம்பிவிடும். அதன் இன்டரப்ட் இதே சிபியுவுக்கு வருவதாயிருந்து, நீங்கள் எம்டிலே வைத்து 2 மில்லி விநாடி சுழன்றால், சம்பந்தமே இல்லாத சீரியல் இணைப்பில் பைட்டுகள் தொலையும். அந்தப் பிழையைத் தேடுபவர் உங்கள் டிரைவரை நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார். பத்துக்கணக்கான மைக்ரோ விநாடிகளைத் தாண்டினால் 7-ஆம் படிக்குப் போங்கள்.

நடுவில் ஒரு சாம்பல் பகுதி உண்டு. எம்டிஐஓவின் 25.6 மைக்ரோ விநாடி அதில் விழுகிறது. ஒரே ஒரு பரிமாற்றம் என்றால் உறங்குங்கள். தொடர்ந்து நூற்றுக்கணக்கில் நடக்கும் என்றால், ஒவ்வொன்றிலும் உறக்கச் செலவு சேர்ந்து மொத்த நேரம் சில மடங்காகலாம். அங்கே கலப்பு முறை நல்லது: முதலில் 30 மைக்ரோ விநாடி வரை சுழலுங்கள், அதற்குள் முடியாவிட்டால் உறங்கும் லூப்புக்கு மாறுங்கள். வழக்கமான வேலைகள் சுழலும் பகுதியிலேயே முடியும், மெதுவானவை மட்டும் உறங்கும். சுழலும் பகுதி, வழக்கமான நேரத்தைச் சற்றே தாண்டும்படி இருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக வைத்தால் இரண்டு செலவும் சேர்ந்து வரும்.

6. லூப்பை நீங்களாக எழுதாதீர்கள்

கெர்னலின் ஐஓபோல் தலைப்புக் கோப்பில் தயாரான மேக்ரோக்கள் இருக்கின்றன. உறங்கும் சூழலுக்கு ரீட்எல்_போல்_டைம்அவுட். உறங்காத சூழலுக்கு அதே பெயரின் முடிவில் அட்டாமிக் சேர்ந்தது. ரெக்மேப் (ரெஜிஸ்டர்களை அணுகும் கெர்னலின் பொது இடைமுகம்) பயன்படுத்தும் டிரைவருக்கு ரெக்மேப்_ரீட்_போல்_டைம்அவுட். கொடுக்க வேண்டியவை: முகவரி, படித்த மதிப்பை வைக்கும் மாறி, நிபந்தனை, இடைவெளி, டைம்அவுட். கடைசி இரண்டும் மைக்ரோ விநாடியில். வெற்றி என்றால் 0, இல்லையென்றால் டைம்அவுட் பிழை எண்.

கையால் எழுதிய லூப்பில் தவறாமல் விடுபடுவது கடைசிப் படிப்பு. பிட்டைப் படிக்கிறீர்கள், இன்னும் எழவில்லை. அந்த நொடியில் வேறொரு த்ரெட் உங்கள் சிபியுவை எடுத்துக்கொண்டு 50 மில்லி விநாடி கழித்துத் திருப்பித் தருகிறது. கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள், கெடு தாண்டிவிட்டது, பிழை என்று திரும்புகிறீர்கள். ஆனால் ஹார்டுவேர் எப்போதோ வேலையை முடித்துவிட்டது. கெடு தாண்டியதைக் கண்ட பிறகு ரெஜிஸ்டரை இன்னொருமுறை படித்து, அதை வைத்தே முடிவு சொல்ல வேண்டும். மேக்ரோ அதைச் செய்கிறது.

மேக்ரோவுக்குக் கொடுக்கும் எண்களில் கவனிக்க வேண்டியவை:

இடைவெளிக்கு 100 கொடுத்தால் உறங்கும் மேக்ரோ 26 முதல் 100 மைக்ரோ விநாடிக்குள் ஏதோவொரு நேரம் உறங்கும். கொடுத்த எண் மேல் எல்லை, கீழ் எல்லை அல்ல.

இடைவெளி 0 என்றால் இடைவிடாமல் படிக்கும். டைம்அவுட் 0 என்றால் கெடுவே இல்லை. "உடனே கைவிடு" என்ற எண்ணத்தில் 0 எழுதினால், செத்த சாதனத்தின் முன் டிரைவர் என்றென்றும் நிற்கும்.

வழக்கமாக 40 மில்லி விநாடி ஆகும் என்று தெரிந்த வேலைக்கு முதல் நொடியிலிருந்தே எட்டிப் பார்க்க வேண்டாம். முதலில் 30 மில்லி விநாடி ஒரேயடியாக உறங்கிவிட்டு, பிறகு 2 மில்லி விநாடிக்கு ஒருமுறை பாருங்கள்.

டைம்அவுட்டை உச்ச நேரத்தின் இரண்டு மூன்று மடங்காக வைக்கத் தயங்காதீர்கள். உறங்கும் சூழலில் பெரிய டைம்அவுட், ஹார்டுவேர் கெட்டுப்போனால்தான் செலவாகும். அட்டாமிக் சூழலில் அப்படியல்ல. அங்கே டைம்அவுட்தான் அந்தச் சிபியு உறையக்கூடிய நேரம்.

கையால் எழுதியே தீர வேண்டும் என்றால், இன்டரப்ட் அணைத்த லூப்பில் ஜிஃபிகளைக் கெடுவாக வைக்காதீர்கள். ஒரே சிபியு உள்ள பலகையில் டைமர் இன்டரப்டும் அணைந்திருப்பதால் ஜிஃபி நகராது, கெடுவும் வராது. சுற்றுக்கு ஒரு யூடிலே என்று எண்ணி நிறுத்துங்கள். இடைவெளியே இல்லாமல் 1000 முறை படித்துவிட்டு விடுவதும் தவறு. பஸ் வேகம் மாறினால் அந்த ஆயிரத்தின் பொருளும் மாறும். யூடிலே இல்லாத சுற்றில் சிபியு_ரிலாக்ஸ் போடுங்கள். எக்ஸ்86-இல் அது பாஸ் கட்டளையாகி, அதே சிபியு கோரைப் பகிரும் இன்னொரு த்ரெட்டுக்கு வழிவிடும். முகவரியைச் சுட்டி வழியாக நேரடியாகப் படிக்காமல் ரீட்எல் வழியாகவே படியுங்கள். நேரடிப் படிப்பைக் கம்பைலர் லூப்புக்கு வெளியே தூக்கி வைத்துவிட்டால், பிட் மாறியது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கட்டளை எழுதியதும் உடனே காலத்தை எண்ணத் தொடங்குவது இன்னொரு பொறி. பிசிஐ எழுத்துகள் வழியில் தேங்கி நிற்கலாம். ரீசெட் பிட்டை எழுதி, யூடிலே 10 வைத்து, மறுபடி பிட்டை இறக்கினால், இரண்டு எழுத்தும் ஒட்டிக்கொண்டே சாதனத்தை அடையக்கூடும். எழுதியதும் அதே சாதனத்தின் ஒரு ரெஜிஸ்டரைப் படியுங்கள். அந்தப் படிப்பு திரும்புவதற்குள் முந்தைய எழுத்து சாதனத்தை அடைந்திருக்கும்.

7. நீண்ட காத்திருப்பை லாக்குக்கு வெளியே கொண்டுவாருங்கள்

ஸ்பின்லாக்குக்குள் 5 மில்லி விநாடி காத்திருக்க வேண்டிய நிலை வந்தால், கோளாறு காத்திருப்பில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. மூன்று வழிகளை இந்த வரிசையில் முயலுங்கள்.

முதலில், அந்த லாக்கை இன்டரப்ட் ஹேண்ட்லரும் எடுக்கிறதா என்று பாருங்கள். எல்லா அழைப்புகளும் உறங்கக்கூடிய சூழலிலிருந்தே வந்தால் மியூடெக்ஸாக மாற்றிவிடலாம். பல சிக்கல்கள் இதிலேயே தீரும்.

அது முடியாவிட்டால் நிலைக்கொடி ஒன்று வையுங்கள். லாக்குக்குள் "வேலை நடக்கிறது" என்று குறித்து, கட்டளை கொடுத்து, லாக்கை விட்டுவிட்டு உறங்கிக் காத்திருங்கள். முடிந்ததும் மறுபடி லாக்கை எடுத்துக் கொடியை இறக்குங்கள். உள்ளே வரும் மற்றவர்கள் கொடியைப் பார்த்துப் பிஸி என்று திரும்ப வேண்டும். இதற்கிடையில் நிலை மாறியிருக்கலாம், ஆகவே லாக்கை மீண்டும் எடுத்ததும் பழைய அனுமானங்களைத் திரும்பச் சோதியுங்கள்.

அழைத்தவரே அட்டாமிக் சூழலில் இருந்தால், காத்திருப்பை டிலேய்ட்_வொர்க்குக்கு (பிறகு உறங்கக்கூடிய சூழலில் ஓடும் வேலை) தள்ளுங்கள். டிரைவரை நீக்கும் பாதையில் கேன்சல்_டிலேய்ட்_வொர்க்_சிங்க் அழைப்பதை அப்போதே எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் வொர்க் ஓடும்.

8. சிக்கலை வரவழைத்துச் சோதியுங்கள்

டீபக்_அட்டாமிக்_ஸ்லீப், ப்ரூவ்_லாக்கிங் என்ற சோதனை அமைப்புகள் இரண்டையும் இயக்கிய கெர்னலில் எல்லாப் பாதைகளையும் ஓட்டுங்கள். 2-ஆம் படியில் போட்ட மைட்_ஸ்லீப்புகள் இப்போதுதான் பேசும்.

காத்திருப்புக்கு முன்னும் பின்னும் கேடைம்_கெட் வைத்து உச்ச மதிப்பைப் பதிவு செய்யுங்கள். எல்லாச் சிபியுவையும் சுமையில் வைத்து ஒருமுறை, கணினி சும்மா இருக்கும்போது ஒருமுறை. சுமையில் தாமதம் ஷெட்யூலரால் வரும், சும்மா இருக்கும்போது ஆழ்ந்த ஓய்வு நிலையால் வரும். இரண்டாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. அட்டாமிக் பாதைக்கு ஐஆர்க்யூஸ்ஆஃப் டிரேசர், இன்டரப்ட் அதிகபட்சம் எவ்வளவு நேரம் அணைந்திருந்தது, எந்த ஃபங்ஷனில் என்பதைச் சொல்லும்.

நிபந்தனையைத் தற்காலிகமாக ஒருபோதும் உண்மையாகாதபடி மாற்றி, டைம்அவுட் பாதையை ஓட்டிப் பாருங்கள். டிரைவர் லாக்கை விடுகிறதா, கிளாக்கை அணைக்கிறதா, பிழையை மேலே அனுப்புகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். டைம்அவுட் செய்தியில் கடைசியாகப் படித்த ரெஜிஸ்டர் மதிப்பையும் அச்சிடுங்கள். அது இல்லாத பதிவிலிருந்து காரணம் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாதனத்தைப் பஸ்ஸிலிருந்து நீக்கிப் பாருங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸில் காணாமற்போன சாதனத்தைப் படித்தால் பொதுவாக எல்லா பிட்டும் 1 ஆக வரும். "தயார் பிட் 1 ஆகும்வரை" என்ற நிபந்தனை அப்போது உடனே வெற்றி என்று சொல்லிவிடும். அந்த ரெஜிஸ்டரில் எல்லா பிட்டும் 1 ஆவது இயல்பாக நடக்காது என்றால் அதைத் தனியாகச் சோதித்து, சாதனம் இல்லை என்ற பிழையோடு திரும்புங்கள்.